மூன்றாம் வரிசை

அந்தக் கடுதாசியை மடித்து வையுங்கள், தம்பி. பஸ்ஸுக்குள் விரித்து வைத்துப் பார்க்கிற கடுதாசி இல்லை அது.

இல்லை, நான் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கண் போகும்தானே. வரிசை மூன்று, இலக்கம் பதினொன்று. அவ்வளவுதான் கண்ணில் பட்டது. ஆனால் கொண்டக்டரிடம் நீங்கள் இடத்தின் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. இங்கே இருக்கிறவன் இன்றைய நாளில் அந்தப் பேரைச் சொல்லமாட்டான். "கிணத்தடி இறக்கம்" என்று சொல்லுவான். கொண்டக்டருக்கு விளங்கும். பின்னால் நாலாவது இருக்கையில் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஒருவர் இருக்கிறார், அவருக்கும் விளங்கும்தான். ஆனாலும் ஒரு மரியாதை.

திரும்பிப் பார்க்காதீர்கள். புலனாய்வு ஆள், அவருக்கும் இன்றைக்கு அங்கேதான் வேலை. போனில் படம் எடுப்பார். எடுக்கட்டும். நீங்கள் விளக்கு வைக்க வந்த ஆள், என்ன செய்யப்போகிறார்? என்னைப் போன வருசமும் எடுத்தார். போன வருசம் மெலிந்திருந்தார்.

ஒரு மணித்தியாலம் போக வேண்டும். றோட்டு இப்படித்தான். நான் கொஞ்சம் கதைத்துக்கொண்டு வருகிறேன், உங்களுக்குக் கரைச்சல் இல்லையென்றால். நீங்கள் அங்கே போய் இறங்கி, உடைந்த கல் குவியலுக்கு நடுவில் நின்றுகொண்டு, மூன்றாம் வரிசை எது என்று யாரிடம் கேட்பீர்கள்? வரிசை இல்லை அங்கே. எல்லாம் தரைமட்டம். சனம் தங்களுக்கு வாய்த்த இடத்தில் விளக்கை வைத்துவிட்டு அழுதுவிட்டுப் போகும். ஆனால் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு நடந்து போய் உங்கள் அக்காவின் தலைமாட்டில் நிற்பேன். அக்காதானே? ஓம், அப்படித்தான் நினைத்தேன்.

எப்படித் தெரியும் என்றால், அந்த நிலத்துக்கு அளவு போட்டவன் நான். என் பேர் அருளையா. பேர் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. ஓவசியர் என்றால்தான் இந்தப் பக்கத்தில் தெரியும். நீர்ப்பாசனத்தில் வாய்க்காலுக்கு மட்டம் பார்க்கிற வேலை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லுகிறவன். வேறு ஒன்றும் இல்லை.

அந்த நாளில் இங்கே இயக்கக்காரர்கள்தான் அரசாங்கம். ஒருநாள் ஜீப்பில் வந்து, வீரச்சாவடைந்த போராளிகளுக்குத் துயிலும் இல்லம் ஒன்று புதிதாக அமைக்கப்போகிறோம், நிலத்தை அளந்து வரிசை போட்டுத் தாருங்கள் என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லலாமா என்று கேட்காதீர்கள். சொல்லலாம்தான். நான் சொல்ல நினைக்கவில்லை. என் மகள் சுபோதினி அப்போது இயக்கத்துக்குப் போய் இரண்டு வருசம். தாய் இல்லாத பிள்ளை. பதின்மூன்று வயதில் தாயைக் காய்ச்சல் கொண்டுபோனது. நான்தான் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். பதினேழில் ஒரு கடிதம் எழுதி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போனாள். அவள் போன இடத்துக்கு நானும் ஏதோ ஒரு வேலை செய்கிறேன் என்று ஒரு ஆறுதல். அப்படித்தான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன்.

கிணற்றை மூலையாக வைத்தேன். தெற்கே அறுபது அடியில் முதல் வரிசை. வரிசைக்கும் வரிசைக்கும் பத்தடி. ஆளுக்கு மூன்றடி அகலம், இடையில் இரண்டடி, தாய் தகப்பன் நிற்க. நூல் கட்டி, கட்டை அடித்து, அந்த மாதிரி நேர். இரண்டு வரிசையில் நாற்பது பேர். வேறு வேறு இடத்தில் விதைத்திருந்த உடல்களை எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் முடிந்து திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. தளபதியே வந்து பேசுகிறார் என்று கதை. அவருடைய பேரை நான் சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லுகிற பேர் இல்லை அதுவும்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு துண்டு வந்தது. மூன்றாம் வரிசையில் பன்னிரண்டு குழி வெட்டி வைக்கவும்.

துண்டைக் கொண்டுவந்த இயக்கப் பிள்ளையைக் கேட்டேன், "ஆரும் வருகினமே, தம்பி?"

"இல்லை, ஓவசியர். மாரி தொடங்கப்போகுதெல்லே. மழைக்குள்ள வெட்டேலாது. முன்னேற்பாடு."

சரிதானே? மழைக்குள் அந்த மண்ணை வெட்ட முடியாது. களிமண். நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். முன்னேற்பாடு என்றால் பத்து வெட்டலாம், பதினைந்து வெட்டலாம், வரிசை முழுக்க இருபதும் வெட்டலாம். பன்னிரண்டு என்றால் யாரோ ஒருவர் இருந்து யோசித்திருக்கிறார். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியது. கொஞ்சம் தோன்றியது. ஆனால் என் வேலை அளவு போடுகிறது. அளவு மட்டும்தான் நான் போட்டேன், தம்பி.

குழி வெட்டினது சந்தியோகு அண்ணர். மாதா கோவில் சேமக்காலையில் முப்பது வருசம் வெட்டின கை. நல்ல மனிசன், வாய்தான் சரியில்லை. பன்னிரண்டையும் இரண்டு நாளில் வெட்டி முடித்துவிட்டு மேலே ஏறி வந்து, மண்வெட்டியைக் கழுவாமல் நின்றார்.

"ஓவசியர், பன்னிரண்டு வாழைக்குற்றி வேணும்."

"என்னத்துக்கு?"

"வெட்டின குழி வெறுமனே கிடக்கப்படாது. ஆளைத் தேடும். ஆள் நீளத்துக்குக் குற்றி ஒண்டைக் கிடத்திவிட்டா, வந்திட்டுது எண்டு நினைச்சுப் பேசாமல் கிடக்கும். எங்கட ஆக்கள் அப்பிடித்தான் செய்யிறது."

"சந்தியோகு அண்ணை, நாளண்டைக்குத் தளபதி வாறார். குழியெல்லாம் வாழைக்குற்றி கிடந்தா என்னெண்டு சொல்லுறது? சம்பல் போடவோ?"

"சிரியுங்கோ. உங்களுக்குத் தண்ணி ஓடுற பக்கம் தெரியும். எனக்கு இது தெரியும்."

"வாழை கலியாணத்துக்குக் கட்டுறது."

"ரெண்டுக்கும் வாழைதான், ஓவசியர்," என்றார்.

நான் சிரித்துவிட்டுப் பச்சைத் தறப்பாளை வாங்கி வந்து பன்னிரண்டுக்கும் மேலால் இழுத்துக் கட்டினேன். பலகை கொடுத்து, நாலு பக்கமும் மண் ஏற்றி. தூரத்திலிருந்து பார்த்தால் புல் மாதிரி இருந்தது. எனக்கு அது பெரிய கெட்டித்தனமாக இருந்தது.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் தளபதி இடம் பார்க்க வந்தார். கூட்டம் இல்லை, இரண்டு பேர் மட்டும். குனிந்து நூலைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல நேர்," என்றார். அவ்வளவு பெரிய ஆள் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது, பொய் சொல்லக்கூடாது, எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பிறகு தறப்பாளைக் காட்டினார். "அங்கால?"

"அது மூண்டாம் வரிசை, அண்ணை. பன்னிரண்டு வெட்டிக் கிடக்கு."

தலையை ஆட்டினார். கன நேரம் அந்தத் தறப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார், "உங்கட மகள் எந்த அணியில நிக்கிறா?"

சொன்னேன்.

ஒன்றும் கதைக்கவில்லை அவர். அந்த ஒன்றும் கதைக்காததை நான் உங்களுக்கு எப்படிச் சொல்லுவது? வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு காற்று வரும். தண்ணீரைக் காணமாட்டீர்கள், காற்று வரும். அப்படி.

"உங்களுக்கு ஏதும் தேவை இருந்தாச் சொல்லுங்கோ, ஓவசியர்," என்றார்.

நான் சொன்னேன், "அவளுக்குக் கோடு கீற வரும், அண்ணை. நான் பழக்கினது. வரைபடம் கீறுற பகுதிக்கு ஆக்கள் தேவையெண்டு கேள்விப்பட்டன்."

இவ்வளவுதான் நான் சொன்னது. நன்றாகக் கேளுங்கள், தம்பி. என் பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பாதே என்று நான் கேட்கவில்லை. வேறு ஒரு பிள்ளையை அனுப்பு என்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கோடு கீற வரும் என்றேன். அது உண்மை. அவளைப் போல நேர்கோடு கீறுகிற பிள்ளையை நான் கண்டதில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்லுவது பிழையா? பதினேழு வருசமாக இந்த ஒரு வசனத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். எங்கே பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர் தறப்பாளை இன்னொருதரம் பார்த்தார். "சரி," என்றார். போனார்.

அடுத்த நாள் விடிய நான் புட்டு அவித்தேன். விழாவில் மரியாதை அணிவகுப்புக்குச் சுபோவின் அணி வருகிறது என்று தெரியும். முட்டைப் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். பத்து மணி இருக்கும். அணிவகுப்புக்கு முன்னால் மரத்தின் கீழ் அரை மணித்தியாலம் விட்டார்கள். சுபோ வந்தாள். பக்கத்தில் இன்னொரு பிள்ளை. மெல்லிய பிள்ளை, பல் கொஞ்சம் முன்னுக்கு.

"அப்பா, என்னை வரைபடப் பகுதிக்கு மாத்திப்போட்டினம். காலமைதான் சொன்னவை. ஏனெண்டு தெரியேல்லை," என்றாள். முகத்தில் சந்தோசம் இல்லை. "இவதான் என்ர இடத்துக்குப் போறா. வேற அணியில நிண்டவ. இவவுக்கும் சாப்பாடு குடுங்கோ."

நான் என்ன செய்வது? குடுத்தேன். அந்தப் பிள்ளை புட்டை எடுத்துப் பார்த்தது. குழல் புட்டு, உடையாமல் முழுசாக இருந்தது. "ஓவசியர் மாமா, புட்டையும் மட்டம் பாத்தே அவிச்சனீங்கள்?" என்று கேட்டது. சுபோ சிரித்தாள். மாற்றச் செய்தி வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே கதைத்தது. வாய் ஓயாது. வீட்டில் தனக்கு ஒரு தம்பி இருக்கிறான், பத்து வயது, பிறேக் இல்லாத சைக்கிளில் பழகுகிறான் என்று. "விழுந்து முழங்காலில நீட்டுக்குக் கிழிச்சுப்போட்டான், மாமா. அம்மாவுக்குத் தெரியாமல் நான்தான் கட்டினனான். அடுத்த லீவில போய் அவனுக்குப் பிறேக் பூட்டிக் குடுக்கோணும்." பிறேக் கட்டை எந்தக் கடையில் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டது. கடையின் பேரைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்த துண்டில் எழுதி வைத்துக்கொண்டது.

அதன் பேரை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். புட்டைக் குடுத்தேன், கை கழுவத் தண்ணீர் வார்த்தேன், பேரைக் கேட்கவில்லை.

தண்ணீர் குடிக்கிறீர்களா, தம்பி? முகம் ஒரு மாதிரி இருக்கிறது. யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். இழுத்தால் வரும். இந்த பஸ்ஸில் எல்லாம் இழுத்தால்தான் வரும்.

பிறகு பேச்சு. அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்தப் பக்கத்துச் சனம் இன்றைக்கும் கதைக்கும். அவர் நீளமாகப் பேசவில்லை. ஏழு நிமிடம் இருக்கும். நாங்கள் எல்லோரும் முழக்கத்துக்குத் தயாராக நின்றோம். அவர் மைக்குக்கு முன்னால் வந்து, மெதுவாகத் தொடங்கினார்.

"இங்கே உறங்குகிற நாற்பது பேரையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும். அவர்களுடைய தாய்மாரை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அது என்னுடைய பிழை. நான் உங்கள் வீட்டுக்கு முதலிலேயே வந்திருக்க வேண்டும்."

அவ்வளவுதான். தாய்மார் எல்லோரும் ஒரே நேரத்தில் விக்கி அழத் தொடங்கினார்கள். அப்படி ஒரு சத்தத்தை நான் முன்னம் கேட்டதில்லை. கோபத்தோடு வந்த தாய்மாரும் இருந்தார்கள் அங்கே. அவர்களுடைய கோபத்தையும் அவர் கழற்றி எடுத்துவிட்டார். மெய்யாகவே அவருடைய குரல் உடைந்தது. நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம், தம்பி. நடிப்பு என்றால் லேசு.

பிறகு சொன்னார். "இரண்டு வரிசை நிறைந்துவிட்டது. மூன்றாம் வரிசையைக் கண்டு அஞ்சாத பிள்ளைகள் இன்னும் எங்களிடம் இருக்கிறார்கள்."

அணிவகுப்பில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துக் கையைக் காட்டினார். சனம் கை தட்டியது. துயிலும் இல்லத்தில் கை தட்டுகிற வழக்கம் இல்லை. ஆனாலும் தட்டியது.

மூன்றாம் வரிசை என்பது என்னுடைய சொல். முதல் நாள் நான் அவருக்குச் சொன்னது. ஒலிபெருக்கியில் அதைக் கேட்டபோது எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? பெருமை. என் வாயிலிருந்து போன சொல் இவ்வளவு சனத்துக்கு முன்னால் பேச்சில் வருகிறதே என்று. நானும் கை தட்டினேன். தட்டிக்கொண்டு பார்க்கிறேன், அணியில் சுபோ நிற்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் அந்தப் பல் முன்னுக்கு வந்த பிள்ளை நிற்கிறது. இரண்டும் நேரே பார்த்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் பச்சைத் தறப்பாள். காற்று கீழால் புகுந்து அதைத் தூக்கித் தூக்கி விட்டது. மூச்சு விடுகிற மாதிரி.

என் கை தானாக நின்றுவிட்டது.

பேச்சு முடிந்து தாய்மார் தங்கள் தங்கள் பிள்ளையின் கல்லறையில் பூப்போடப் போனார்கள். இரண்டாம் வரிசையில் முதல் கல்லறை ஒரு மீன்காரத் தாயின் பிள்ளையுடையது. அந்தத் தாய் பூப்போட்டுவிட்டு, கும்பிட்டுக்கொண்டே பின்னால் பின்னால் வந்து, தறப்பாளின் விளிம்பில் கால் வைத்துவிட்டா. பலகை சறுக்கியது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"என்ன தம்பி இது கிடங்கு?"

"மழைத்தண்ணி வழிஞ்சோடுறதுக்கு, அம்மா."

அந்த மனிசி குனிந்து விளிம்பைத் தூக்கிப் பார்த்தா. ஒன்றைப் பார்த்தா. அடுத்ததைப் பார்த்தா. பிறகு என் முகத்தைப் பார்த்தா.

"மழைத்தண்ணிக்குத் தலைமாடு கால்மாடு வைச்சோ வெட்டுறனீங்கள்?"

அவ ஒன்றும் சத்தம் போடவில்லை. கடகத்தில் மிச்சம் இருந்த பூவை எடுத்து, தறப்பாளின் மேல் ஒரு நீளத்துக்குத் தூவிக்கொண்டே போனா. பன்னிரண்டாவது வரைக்கும் போதவில்லை. பூ முடிந்துவிட்டது. கடகத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போனா.

ஒன்பதாம் நாள் பெட்டிகள் வந்தன. ஒரு முகாமை அடிக்கப் போன சண்டை. வென்றதாகத்தான் சொன்னார்கள். எங்கள் துயிலும் இல்லத்துக்குப் பதினொரு பெட்டி. அந்தக் கணக்கில் ஒன்றுதான் பிழைத்தது.

நான் இலக்கக் கட்டையோடு நின்றேன். ஒன்று, இரண்டு என்று கட்டையை அடித்துக்கொண்டு போனேன். யாரையும் பார்க்கவில்லை. பெட்டிகள் மூடியிருந்தன. எல்லாம் முடிந்து சனம் கலைந்துபோகச் சுபோ வந்தாள். வரைபடப் பகுதியிலிருந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். பதினோராவதன் முன்னால் போய் நின்றாள். கையில் பூ இல்லை. ஒரு பொட்டலம். பிரித்து வைத்தாள். இரண்டு பிறேக் கட்டை. புதிது.

அப்போதுதான் எனக்குத் தெரியும், பதினோராவது ஆர் என்று.

நெடுநேரம் நின்றாள். மழை தூறத் தொடங்கியது. நான் குடையைக் கொண்டு போனேன். குடையைப் பார்க்கவில்லை அவள்.

"இது எத்தினையாவது?" என்று கேட்டாள்.

"பதினொண்டு, பிள்ளை."

பக்கத்தில் தறப்பாளை எடுத்த வெறுங்குழி. அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது. அதை எட்டிப் பார்த்தாள்.

"பெட்டியள் வரமுன்னமே பன்னிரண்டு வெட்டினனீங்கள்."

"முன்னேற்பாடு, பிள்ளை. மாரி..."

"நீங்கள் என்னை மாத்தச் சொல்லிக் கேட்டனீங்களோ?"

"இல்லையடி. கோடு கீறத் தெரியும் எண்டுதான் சொன்னனான்."

"அப்ப இது ஆருக்கு?"

நான் சொன்னேன். தம்பி, என் வாயில் அதுதான் வந்தது. "மழைத்தண்ணிக்கு," என்றேன்.

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். "சரி, ஓவசியர்," என்றாள். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பத்து வருசம். வருவாள், போவாள். உடுப்புத் தோய்த்துத் தருவாள், காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பாள், ஒரு குறை சொல்லமுடியாது. ஆனால் ஓவசியர் என்றுதான் கூப்பிட்டாள். பகிடிக்குத்தான் அப்படிக் கூப்பிடுகிறாள் என்று நான் அயலட்டைக்குச் சொல்லிவைத்தேன். பகிடிதான் என்று நினைக்கிறேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பகிடி கூட.

அவள் கல்லறையடியிலிருந்து அப்படிப் போன அன்று பின்னேரமே சந்தியோகு அண்ணரைத் தேடிப் போனேன். ஒரு வாழைக்குற்றி வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப பிந்திப்போச்சு, ஓவசியர். முதல் நாளே போட்டிருக்கோணும். இப்ப அது முழிச்சுக்கொண்டுது."

"போடுங்கோ, அண்ணை."

"போடுறன். ஆனா ஏமாறுமோ தெரியாது."

தன் வளவில் நின்ற கதலியைத் தறித்துக்கொண்டு வந்தார். "என்ன நீளம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். ஐந்தடி இரண்டங்குலம். யோசிக்காமல் வந்தது அந்த அளவு. அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு வெட்டினார். வெள்ளைத் துணி சுற்றிக் கிடத்தி மூடினோம். மேலே கட்டை அடிக்கவில்லை. அந்த வரிசையில் அதற்குப் பிறகு பதின்மூன்றிலிருந்துதான் வைத்தார்கள். பன்னிரண்டு ஏன் வெறுமனே கிடக்கிறது என்று கேட்டவர்களுக்கு, அடியில் ஊற்று இருக்கிறது என்றேன். ஓவசியர் சொன்னால் சரிதானே.

கடைசிச் சண்டையில் நாங்கள் எல்லோரும் கடற்கரைக்குத் தள்ளுப்பட்டோம். அங்கே ஒருநாள் காலையில் சுபோ தண்ணீர் எடுக்கப் போத்தலோடு போனாள். பீரங்கிச் செல் விழுந்தது. நான் ஓடிப்போனபோது அங்கே ஒரு கிடங்கு இருந்தது. செல் வெட்டின கிடங்கு. அளவு இல்லாத கிடங்கு. அவளை நான் காணவில்லை, தம்பி. போத்தலைக் கண்டேன்.

அன்றைக்கே சண்டைக்குப் போயிருந்தால், அவளுக்கு நான் அளந்த ஒரு இடமாவது இருந்திருக்கும். அதைத்தான் நினைப்பேன் சில நேரம். பிறகு, சீ, தகப்பன் நினைக்கிற நினைப்பா இது என்று என்னையே ஏசுவேன். பிறகும் நினைப்பேன்.

அந்தா, புளியமரம் தெரிகிறது. அதற்கு அடுத்தது எங்களுடைய இறக்கம். பையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கிற அவரை முதலில் இறங்க விடுவோம்.

கவனமாகக் கேளுங்கள். ஆமிக்காரர் உள்ளே எல்லாவற்றையும் இடித்தார்கள். ஆனால் அங்கே முகாம் போட்டிருந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும், கிணற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். கிணற்றுக்கட்டின் தெற்கு விளிம்பில் முதுகை வைத்து நில்லுங்கள். தெற்கே முப்பத்திரண்டு எட்டு. என்னுடைய எட்டு, இரண்டரை அடி. உங்களுக்குக் கால் நீளம், கொஞ்சம் குறைத்து வையுங்கள். அங்கே நின்று மேற்கே இருபத்தொரு எட்டு. காலடியில் உங்கள் அக்கா. பிசகாது.

நான் உங்களோடு கூட வந்து காட்டலாம். காட்ட வேண்டாம் என்றால் தள்ளி நிற்கிறேன். ஒன்றும் கதைக்காமல் வருகிறீர்கள். கோபிக்காதீர்கள், ஒன்று மட்டும் கேட்கிறேன். முழங்காலில் நீட்டுக்கு ஒரு தழும்பு இருக்கிறதோ?

சரி. சரி, தம்பி. சொல்ல வேண்டாம். முழங்காலிலிருந்து கையை எடுங்கள், தெரிகிறது.

ஆறு மணிக்கு மணி அடித்தவுடன் எல்லோரும் கொளுத்துவார்கள். நீங்களும் கொளுத்துங்கள். அக்காவிடமிருந்து மேற்கே இன்னும் இரண்டு எட்டில் இன்னொரு விளக்கு எரியும். நான் வைக்கிறது. அந்த இடத்தில் கீழே ஆள் இல்லை. வாழைக்குற்றிதான், அதுவும் இத்தனை வருசத்தில் மண்ணாகியிருக்கும். பேர் சொல்லி அழுவதற்கு எனக்கு வேறு இடம் இல்லை.

உங்களுக்கு அந்த விளக்கு அங்கே எரிவது பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிடுங்கள், தம்பி. காலால் என்றாலும் சரி. நான் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். திரும்பமாட்டேன்.

இறங்குங்கள். பார்த்து. படி உயரம்.